வயதாகாத முகங்கள்

செயலியில படத்தைப் போட்டு, எழுபது வயதில எப்பிடி இருப்பம் எண்டு பார்த்துச் சிரிச்ச காலம் ஒண்டு இருந்தது. நானும் சிரிச்சன். பிறகு கிளிநொச்சிப் படங்கள்தான் ஞாபகம் வந்தன.

2017 பெப்ரவரி 20 இல் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அம்மாமாரின் கையில் இருக்கிற படங்களைப் பாருங்கோ. 2009 இல் இருபது வயதுப் பெடியன் இண்டைக்கும் இருபதுதான். படத்தைப் பிடிச்சிருக்கிற முகம்தான் வருசத்துக்கு வருசம் மாறுது.

முகம் ஏன் மாறுது? சுருக்கம் எண்டால் தோல் மட்டும்தான் எண்டு நினைக்கிறம். தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் இருபதுகளிலேயே குறையத் தொடங்குகிறது. கன்னத்துக் கொழுப்பு மெலிந்து கீழே இறங்குகிறது. எலும்பும் மாறும்: கண்குழி அகலும், தாடையெலும்பு தேயும், பல்லு விழுந்தால் இன்னும் கெதியாத் தேயும். இதுக்கு மேல வெயில். புற ஊதாக் கதிர் கொலாஜனை உடைக்கும். வருசக்கணக்காக வீதியோரக் கொட்டகையில் வெக்கைக்கும் புழுதிக்கும் நடுவில் இருந்தவைக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சின்னப் பிள்ளைகளின் முகம் இன்னும் கூட மாறும். தாடை வளர வளர முகம் நீளும். 2009 இல் ஐந்து வயதாக இருந்த பிள்ளையை இப்ப வீதியில கண்டால் பெத்த தாய்க்கே மட்டுப்பிடிக்க ஏலாமல் போகலாம். வேறு நாடுகளில் காணாமற்போன பிள்ளை இப்ப எப்பிடி இருக்கும் எண்டு படம் வரைகிறார்கள். அதுக்குப் பெற்றோரின் முகத்தையும் பார்க்கிறார்கள். அப்பிடியெண்டால் அந்த அம்மாமாரின் முகமும் ஒரு ஆதாரம். பதில் கிடைக்காமலே அவையில் பலர் செத்துப் போச்சினம். இழுத்தடிக்கிற ஒவ்வொரு வருசத்திலும் அரசு அந்த ஆதாரத்தையும் சேர்த்துத்தான் அழிய விடுகிறது.

வயதைக் குறைக்கும் எண்டு சொல்லிக் கிறீம் விற்கிற விளம்பரத்தைப் பார்க்கேக்க எனக்குக் கோவம் வாறது இதாலதான். முகம் சுருங்கிறது வியாதியில்லை. வாழ விட்டவைக்கு மட்டும் கிடைக்கிற ஒண்டு அது.

நாங்கள் வயதான முகம் வேண்டாம் எண்டு ஓடுறம். அந்த அம்மாமார் தேடுறது, நாற்பதை நெருங்குற, முடி நரைக்கத் தொடங்கின ஒரு முகத்தை.