புகை அடித்தால் கொசு போகுமா?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீதிக்குக் கொசுப் புகை வண்டி வந்தது. வீதி முழுக்க வெள்ளைப் புகை. குழந்தைகள் அதற்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடின. பக்கத்து வீட்டு நண்பர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வாசலில் நின்றபடி, "பரவாயில்லீங்க, இந்தத் தடவை நேரத்துக்கு வந்துட்டாங்க" என்றார்.

நான் சிரித்து வைத்தேன். அந்தப் புகைக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தவன் நான். திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சுகாதார ஆய்வாளர் வேலை. 'எஸ்.ஐ. சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். போலீஸ் எஸ்.ஐ.யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, என் முதுகுக்குப் பின்னால் 'சாக்கடை எஸ்.ஐ.' என்றும் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சாக்கடையும் என் வேலைதான்.

ஆனால் அந்தப் புகையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். ஒரு வீதியில் நாலைந்து பேருக்கு டெங்கு வந்துவிட்டால், நோயைச் சுமந்து பறக்கும் கொசுவை உடனே குறைக்க அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் டிரம்மில் இருக்கும் புழுவுக்கு அந்தப் புகை ஒன்றும் செய்யாது. இன்றைக்குப் புழுவாக இருப்பது அடுத்த வாரம் கொசுவாகப் பறக்கும். புகை கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, போட்டோ எடுக்கலாம். ஒருவர் உங்கள் வீட்டுக்குள் வந்து தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதைப் போட்டோ எடுக்க யாரும் வருவதில்லை. உண்மையான வேலை அதுதான்.

நம் ஊர்ப் பக்கம் கொள்ளை நோய் புதிதல்ல. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு முன்னால் பிளேக் வந்தபோது ஜனங்கள் அம்மனைத்தான் நம்பினார்கள். அப்போது வேறு யாரை நம்புவது? அந்தக் காலத்து அனுபவங்களையெல்லாம் பார்த்துத்தான் 1939-ல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு முழுமையான சட்டம் முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான். தண்ணீர், சாக்கடை, தொற்று நோய், திருவிழா, சந்தை, தங்கும் விடுதி எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. கொசுவுக்கும் உண்டு. ஓர் இடத்தில் கொசு உற்பத்தி ஆகிறது என்றால், அந்த இடத்தின் சொந்தக்காரருக்கோ குடியிருப்பவருக்கோ நோட்டீஸ் கொடுக்கலாம். அவர் செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்துவிட்டு, செலவை அவரிடம் வசூலிக்கலாம். நான் வேலையில் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி அந்தப் பக்கங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார். 'சொந்தக்காரருக்கோ' என்ற வார்த்தையை மட்டும் மறந்துவிடாதே என்றார். அதற்கு அர்த்தம் புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றி இரண்டு வார்த்தை. இது சாக்கடைக் கொசு அல்ல. சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். பகலில் கடிக்கும். தான் பிறந்த இடத்தில் இருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போகாது. அதாவது, உங்களைக் கடிக்கும் கொசு உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ, நீங்கள் வேலை செய்யும் கம்பெனியிலோ பிறந்ததுதான். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் ஒட்டினாற்போல முட்டை வைக்கும். தொட்டி காய்ந்தாலும் முட்டை சாகாது. மாதக்கணக்கில் காத்திருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் தண்ணீரைக் கீழே ஊற்றினால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள் என்று சொல்கிறோம். நம் வெயிலுக்கு முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். வாரம் ஒரு முறை கழுவச் சொல்வதற்கு இதுதான் கணக்கு.

இப்போது இன்னொரு கணக்கையும் பாருங்கள். நான் வேலை பார்த்த ஊர்களில் பல வீதிகளுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை, கோடையில் பத்து நாளைக்கு ஒரு தடவை. நிலத்தடி நீரை நம்ப முடியாது. சாயத் தண்ணீர் நொய்யலில் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையே சாயக் குட்டையாக மாறிய கதை எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சுத்திகரிப்பு ஒரு வழிக்கு வந்தது. ஆனால் கிணற்றிலும் போரிலும் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? ஆகவே பவானித் தண்ணீர் வரும் நாளில் வீட்டில் இருக்கும் அத்தனை டிரம், குடம், அண்டா, சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறார்கள். கொசுவுக்கு ஏழு நாள், குழாய்க்கு எட்டு நாள். அந்த ஒரு நாள் வித்தியாசத்தில்தான் டெங்கு குடியிருக்கிறது.

ஒரு அம்மாவிடம், "வாரம் ஒருக்கா டிரம்மைக் காலி பண்ணிக் கழுவோணும் அம்மணி" என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கழுவறேனுங் சார். நாளைக்குத் தண்ணி நீங்க உடறீங்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அடுத்ததை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனாலும் எழுதுகிறேன்.

2012-ம் வருஷம். தமிழ்நாடு முழுக்க டெங்கு. அரசுக் கணக்கில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் நோயாளிகள், 66 சாவு. நான் அப்போது இருந்த ஊரின் பெயர் வேண்டாம். அங்கே பதினாலு ரூம் கொண்ட ஒரு லைன் வீடு. எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். தென்மாவட்டக் குடும்பங்கள் பாதி, பீகார், ஒடிசா பையன்கள் பாதி. காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வருவார்கள், ஒன்றரை ஷிப்ட். எங்கள் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் போவது காலை பதினோரு மணிக்கு. ஒன்பது ரூம் பூட்டியிருக்கும். மீதி ஐந்தில் பார்த்துவிட்டு, பொதுத் தொட்டியில் அபேட் மருந்து ஊற்றிவிட்டு, வாசல் சுவரில் தேதி எழுதிவிட்டு வருவார்கள். மூன்று வாரம் இப்படித்தான்.

ரெஜிஸ்டரில் என்ன எழுதினோம் தெரியுமா? பார்த்த வீடு 14, புழு இருந்த வீடு 1. நூறு வீட்டுக்கு ஏழு. பார்த்தது உண்மையில் ஐந்துதான். ஐந்தில் ஒன்று என்றால் நூற்றுக்கு இருபது. ஏழு என்றால் சமாளிக்கலாம், இருபது என்றால் அபாய மணி. பூட்டிய வீட்டையும் பார்த்த வீடாகக் கணக்கில் சேர்த்ததால் மணி அடிக்கவில்லை. கீழே கையெழுத்து போட்டது நான்.

நாலாவது வாரம் அந்த லைனில் ஒரு பையனுக்குக் காய்ச்சல். இரண்டாம் வகுப்பு படித்தவன். அப்பா கட்டிங், அம்மா செக்கிங். முதலில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். லீவு போட்டால் சம்பளம் போய்விடும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது. பையன் பிழைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். அன்றைக்கு எல்லா ரூமும் திறந்திருந்தன. அதுவரை பூட்டியிருந்த ஒன்பதில் ஆறு ரூம் டிரம்மில் புழு நெளிந்தது. அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. வாசல் சுவரைக் காட்டி, "நீங்க வந்து பாத்துட்டுப் போறதா தேதி எழுதியிருந்துச்சே சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தேதிகள் எங்கள் ஆட்கள் எழுதியவை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தினக்கூலிக்கு வேலை செய்கிறவர்கள், மழை முடிந்ததும் பாதிப் பேரை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று மேலே இருந்து கணக்கு வரும். பூட்டிய வீடு என்று எழுதினால், 'ஏன் பார்க்கவில்லை?' என்று திட்டு விழும். திட்டுக்குப் பயந்து எழுதும் எந்த ரெஜிஸ்டரும் பொய்தான் சொல்லும்.

ஜனங்களுக்கும் பொறுப்பு வேண்டாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். வேண்டும். அபராதம் போட்டால் சரியாகிவிடும், சிங்கப்பூரில் அப்படித்தானே என்பார்கள். அபராதத்துக்கு நான் எதிரி அல்ல. 1901-ல் கியூபாவின் ஹவானா நகரத்தில் மஞ்சள் காய்ச்சலை ஒழித்தார் கோர்காஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். அதைப் பரப்பியதும் இதே ஏடிஸ் கொசுதான். தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை. வீடு வீடாக ஆட்கள் போனார்கள், தண்ணீர்த் தொட்டிகளை மூட வைத்தார்கள், எண்ணெய் ஊற்றினார்கள். புழு இருந்தால் அபராதமும் உண்டு. சில மாதங்களில் நோய் அடங்கியது. ஆனால் அங்கே முதலில் ஆட்கள் போனார்கள், அபராதம் அதோடு சேர்ந்து வந்தது. இங்கே நாம் ஆளைக் குறைத்துவிட்டு அபராதத்தை மட்டும் ஏற்றுகிறோம். அதுவும் யாருக்கு? வாடகைக்கு இருக்கும் தொழிலாளிக்கு. பதினாலு ரூமுக்கும் வாடகை வாங்கிக்கொண்டு, மூடியில்லாத ஒரே தொட்டியைக் கட்டிக் கொடுத்த சொந்தக்காரர் வேறு ஊரில் இருப்பார். சட்டத்தில் 'சொந்தக்காரருக்கோ' என்ற வார்த்தை 1939-ல் இருந்து இருக்கிறது. அதைப் பயன்படுத்தி நான் எழுதிய நோட்டீஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எழுதினால் உடனே போன் வரும், அதுதான் காரணம்.

என் வேலை முடிந்துவிட்டது. இனி எனக்குப் போனும் வராது, மெமோவும் வராது. அதனால் தைரியமாக நாலு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, பனியன் ஊரில் பனியன் நேரத்துக்கு வேலை செய்ய வேண்டும். லைன் வீடுகளை ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், பணியாளர்களுக்கு வேறொரு நாள் விடுமுறை கொடுங்கள். 2011 கணக்கெடுப்பிலேயே திருப்பூர் நகரத் தொகுதியின் ஜனத்தொகை ஒன்பதரை லட்சத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி பகலில் வீட்டில் இருக்காது. பகலில் கம்பெனிக்குள் இருக்கிறார்கள் என்பதால் கம்பெனியையும் பாருங்கள். கோன் அட்டையும் டிரம்மும் டயரும் மழையில் கிடக்கும் பின்பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

இரண்டு, பூட்டிய வீட்டைத் தனியாக எழுதுங்கள். வாராவாரம் வார்டு அலுவலகப் பலகையில் பார்த்த வீடு, பூட்டிய வீடு, புழு இருந்த வீடு மூன்றையும் போடுங்கள். பூட்டு என்று எழுதியவரைத் திட்டாதீர்கள்.

மூன்று, லைன் வீட்டுத் தொட்டிக்கு மூடி போடும் செலவு சொந்தக்காரருடையது. நோட்டீஸ் அவர் பேருக்குப் போகட்டும்.

நான்கு, குடிநீர்ப் பிரிவும் சுகாதாரப் பிரிவும் ஒரே கட்டிடத்தில்தான் இருக்கின்றன. மாடிப்படி ஏறி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளட்டும். எட்டு நாள் முறையை ஐந்து நாளாக்க முடிந்தால், நூறு புகை வண்டி செய்யாத வேலையை அது செய்யும். முடியாத வீதிகளுக்குத் தண்ணீர் விடும் முதல் நாளே ஆள் போகட்டும். டிரம் காலியாக இருக்கும் நாளில்தான் அந்த அம்மா அதைக் கழுவுவார்.

2017-ல் மறுபடி டெங்கு பெரிதாக வந்தது. மாநிலத்தில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேல் நோயாளிகள், 65 சாவு. அப்போதும் முதலில் வீதிக்கு வந்தது புகை வண்டிதான்.

வெள்ளிக்கிழமை அந்தப் புகை அடங்கியதும் பக்கத்து வீட்டு நண்பரை அழைத்துக்கொண்டு அவர் மொட்டை மாடிக்குப் போனேன். டேங்க் மூடி பத்திரமாக இருந்தது. மூலையில் பேரனுடைய உடைந்த வாளி ஒன்று, அரை வாளி மழைத் தண்ணீர். டார்ச் அடித்துக் காட்டினேன். "அட, இத்தனை இருக்குதுங்களே!" என்று அவரே கவிழ்த்துவிட்டார். கவிழ்த்தால் போதாது, தேய்க்க வேண்டும் என்று பிரஷ் கேட்டேன். அவர் வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே எடுத்து வந்து கொடுத்தார்.

இதைப் படித்து முடித்ததும் நீங்களும் ஒரு நடை மாடிக்குப் போய்ப் பாருங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் பாருங்கள். உங்களுக்கு லைன் வீடு இருந்தால், வாடகை வாங்கப் போகும்போது தொட்டி மூடியையும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். அந்தத் தொட்டியைப் பார்க்காமல் கையெழுத்து போட்டவன் சொல்கிறேன்.