பழைய காற்றாலைகளுக்கு விடைகொடுப்போம்

காற்றாலை மின்சாரத்தில் நாட்டின் முதல் மாநிலம் என்ற பெயரைத் தமிழ்நாடு நீண்ட காலம் வைத்திருந்தது. அண்மையில் குஜராத் அதை முந்திவிட்டது. தரவரிசை இன்று மாறும், நாளையும் மாறும். கவலை தருவது வேறொன்று: நாட்டிலேயே மிகச் சிறந்த காற்று வீசும் நமது நிலங்களில் பலவற்றை, முப்பது ஆண்டுக்கு முந்தைய சிறிய எந்திரங்கள் இன்றும் பிடித்துவைத்திருக்கின்றன. அவற்றை அகற்றி, அதே இடத்தில் இன்றைய எந்திரங்களை நிறுவுவதே தமிழ்நாட்டின் எரிசக்தித் துறை முதலில் செய்ய வேண்டிய வேலை என்று உறுதியாகச் சொல்கிறோம்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மலை தாழ்ந்த இடங்களில் நெருக்கியடித்து நுழைகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே உடுமலை, பல்லடம். செங்கோட்டைக் கணவாய் வழியே தென்காசி, கயத்தாறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே முப்பந்தல், இராதாபுரம். கம்பம் பள்ளத்தாக்கு வழியே தேனி, ஆண்டிபட்டி. மே முதல் செப்டம்பர் வரை இங்கே வீசும் காற்றுக்கு ஈடான காற்று நாட்டில் மிகச் சில இடங்களில்தான் கிடைக்கும். 2022 ஜூலையில் ஒரே நாளில் சுமார் 12 கோடி யூனிட் மின்சாரம் நம் காற்றாலைகளிலிருந்து கிடைத்தது. பழைய எந்திரங்களையும் சேர்த்தே இவ்வளவு.

இந்தியாவில் காற்றாலை மின்சாரத்துக்கு வழிகாட்டியது தமிழ்நாடுதான். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மின்வாரியம் மாதிரிக் காற்றாலைகளை நிறுவியது. காற்றாலையில் போட்ட முதலீட்டுக்கு வருமான வரியில் பெரும் தேய்மானக் கழிவு கிடைத்ததால், 1990களின் நடுவில் முப்பந்தலில் காத்தாடிகள் காடாக எழுந்தன. கோவை, திருப்பூர் நூற்பாலைகள் தங்கள் தேவைக்கான மின்சாரத்தைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கின. அந்த முன்னோடிகளின் துணிச்சலால்தான் இந்தத் தொழில் இங்கே வேர்விட்டது. ஆனால் முதலில் வந்தவர்கள் காற்று மிகுந்த இடங்களைப் பார்த்துப் பிடித்தார்கள். அன்று கிடைத்த எந்திரமோ 225 அல்லது 250 கிலோவாட் திறனுடையது. சிறந்த இடத்தில் சிறிய எந்திரம் என்ற இன்றைய நிலை அப்படித்தான் உருவானது.

இதன் இழப்பு எவ்வளவு என்பதை இயற்பியலே சொல்லிவிடும். இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு எவ்வளவோ, அவ்வளவு காற்றுதான் எந்திரத்துக்கு அகப்படும். பழைய காற்றாலையின் சுழல்வட்டம் சுமார் 30 மீட்டர் விட்டம் கொண்டது. இன்றைய காற்றாலையில் அது 140 மீட்டர். பரப்பில் இது இருபது மடங்குக்கும் மேல். அடுத்தது உயரம். தரையிலிருந்து மேலே போகப்போகக் காற்றின் வேகம் கூடும். கிடைக்கும் ஆற்றலோ வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயரும். நொடிக்கு 5 மீட்டராக இருக்கும் வேகம் 6 மீட்டரானால் ஆற்றல் 70 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. 30 மீட்டர் கோபுரத்தில் நிற்கும் எந்திரம், தலைக்கு மேலே 140 மீட்டரில் ஓடும் காற்றைத் தொடவே முடியாது. தேசியக் காற்றுசக்தி நிறுவனம் தமிழ்நாட்டின் காற்று வளத்தை 120 மீட்டர் உயரத்தில் சுமார் 68,000 மெகாவாட் என்றும், 150 மீட்டர் உயரத்தில் சுமார் 95,000 மெகாவாட் என்றும் மதிப்பிட்டிருக்கிறது. இன்று நாம் நிறுவியிருப்பது 11,000 மெகாவாட்டுக்குச் சற்று மேலான அளவே.

இவ்வளவு ஆதாயம் இருந்தும் உரிமையாளர்கள் ஏன் மாற்றவில்லை? அவர்களைக் குறைசொல்வதற்கு முன் அவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். பழைய எந்திரத்தின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. கிடைக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழு லாபம். காற்றுக் காலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்திடம் கொடுத்துவைத்து, தேவைப்படும் மாதத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதியும் இருக்கிறது. புதிய எந்திரம் வைத்தால் அந்த வசதி எந்த அளவில் தொடரும் என்பதில் அவர்களுக்கு ஐயம். கோடிக்கணக்கில் புதிய கடன் வாங்க வேண்டும். ஒரு பெரிய காற்றாலைக்குத் தேவையான இடைவெளிக்குள் நாலைந்து பேருடைய சிறிய காற்றாலைகள் நிற்கும்; அத்தனை பேரும் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒப்புக்கொண்டாலும், கூடுதலாக வரும் மின்சாரத்தை ஏற்கும் திறன் பக்கத்துத் துணை மின்நிலையத்துக்கு இருக்க வேண்டும்.

இந்த முடிச்சுகளை அவிழ்க்க அரசால்தான் முடியும். மத்திய அரசு 2016இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை வெளியிட்டு, 2023இல் திருத்தியது. தமிழ்நாடு அரசும் 2024இல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஆனால் அதில் விதித்த கட்டணங்களும் நிபந்தனைகளும் உரிமையாளர்களின் எதிர்ப்பைத்தான் கிளப்பின. கட்டணத்தில் வரும் சில கோடிகளைவிட, கூடுதலாகக் கிடைக்கும் மின்சாரம் மாநிலத்துக்குப் பெரிய வருவாய். பழைய எந்திரத்தைத் தானாக முன்வந்து அகற்றுபவருக்கு, அவருடைய பழைய உற்பத்தி அளவுக்கேனும் பேங்கிங் வசதி குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தொடரும் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். சிறு உரிமையாளர்கள் சேர்ந்து ஒரே நிறுவனமாகி, தங்கள் இடத்துக்கும் பழைய திறனுக்கும் ஏற்பப் பங்கு பெறுவதற்கு வழி செய்ய வேண்டும். இவ்வேலைக்குப் பொறுப்பேற்க, 2024இல் தொடங்கப்பட்ட பசுமை எரிசக்திக் கழகத்தைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை.

இது நடக்காத காரியம் அல்ல. டென்மார்க் 2000களின் தொடக்கத்தில் ஊக்கத்தொகை அறிவித்து, சுமார் 1,500 சிறிய காற்றாலைகளை அகற்றி, 300க்கும் குறைவான பெரியவற்றை நிறுவியது. எண்ணிக்கை ஐந்தில் ஒன்றானது; திறனோ இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. இன்று அந்த நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

காற்று நினைத்த நேரத்தில் வீசாதே என்பது எப்போதும் எழும் மறுப்பு. அது நியாயமானதும்கூட. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அது காற்றுக் காலம் முழுமையாகத் தொடங்காத கோடை நாள். ஆடியில் காற்று மிகும்போது மின்கட்டமைப்பு தாங்காமல் காற்றாலைகளை நிறுத்தச் சொல்வதும் நடக்கிறது. காற்றாலை மின்சாரத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சொல்லியும், மின்பாதை இல்லாத இடத்தில் விதியால் பயனில்லை. எனவே புதிய காற்றாலையும் மின்பாதையும் சேமிப்பும் ஒன்றாகவே வளர வேண்டும். சேமிப்புக்கு நமக்கு முன்மாதிரி வீட்டிலேயே இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழணை நீரை மேலணைக்கு ஏற்றி, தட்டுப்பாடு வரும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட் திறனுடன் 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. அதே முறையில் நீலகிரியில் திட்டமிட்ட 500 மெகாவாட் குந்தா நிலையம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனதை மன்னிக்க முடியாது. 2012இல் மின்வெட்டால் மாவட்டங்கள் நாளுக்குப் பாதி நேரம் இருட்டில் கிடந்ததை மறக்காதவர்கள், சேமிப்புத் திட்டங்களின் தாமதத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடலில் காற்றாலை அமைக்கும் பேச்சும் நடக்கிறது. குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை நிதியுதவித் திட்டத்தை ஏற்றது. துறைமுக மேம்பாட்டையும் சேர்த்து அதற்கு 7,453 கோடி ரூபாய். அந்த முயற்சியை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுத் திட்டத்துக்குக் கருதப்படும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே வலை வீசிப் பிழைப்பவர்கள் ஏராளம். மீனவர்களைக் கேட்டு, கடலை ஆராய்ந்து, நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை அது. சாலையும் நிலமும் ஏற்கெனவே இருக்கும் முப்பந்தலிலும் கயத்தாறிலும் குறைந்த செலவில் செய்யக்கூடியதை, கடல் திட்டத்தைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

நிலத்திலும் மக்களைக் கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது. காற்றாலைக்காக ஓடைகள் தடுக்கப்பட்டதாகவும், பனைமரங்கள் வெட்டப்பட்டதாகவும், இரவெல்லாம் இரைச்சல் கேட்பதாகவும் தென்மாவட்டக் கிராமங்கள் முறையிட்டு வருகின்றன. ஐந்து எந்திரங்களின் இடத்தில் ஒன்று வந்தால் இந்தத் தொல்லைகளைக் குறைக்க வாய்ப்பு உண்டு. வீடுகளிலிருந்து போதிய தூரம், நீர்வழிக்குப் பாதுகாப்பு, கண்ணாடியிழையால் ஆன பழைய இறக்கைகளை வயலோரம் வீசாமல் அப்புறப்படுத்தும் பொறுப்பு ஆகியவை அனுமதியின் நிபந்தனையாக வேண்டும். ஊரின் காற்றில் விளையும் வருமானத்தில் ஒரு பங்கு அந்த ஊராட்சிக்கு ஆண்டுதோறும் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் கிராமம் காற்றாலையைத் தன்னுடையதாகக் கருதும்.

நாடு முழுவதும் சுமார் 25,000 மெகாவாட் திறனுள்ள பழைய காற்றாலைகள் புதுப்பிக்கத் தகுந்தவை. அவற்றில் 7,000 மெகாவாட்டுக்கு மேல் தமிழ்நாட்டில். இத்தனை பெரிய வாய்ப்பு வேறெந்த எரிசக்தித் திட்டத்திலும் இப்படிக் கண்ணெதிரே நிற்கவில்லை. 2024 கொள்கையை உரிமையாளர்களோடும் ஊராட்சிகளோடும் பேசித் திருத்த வேண்டும். கணவாய்வாரியாக எந்த ஆண்டு எத்தனை எந்திரங்கள் மாறும், அதற்கு முன் எந்தத் துணை மின்நிலையம் தயாராகும் என்ற அட்டவணையை வெளியிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சட்டப்பேரவையில் அந்த அட்டவணையின்படி கணக்குக் காட்ட வேண்டும். அரசு அடுத்த காற்றுக் காலத்துக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கட்டும்.