குவாத்தமாலாவுக்கு முன்னால் வெள்ளிமலை

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையத்தில் ஒரு வீடு. வேலை முடித்து வந்த அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கல்லூரி முடித்த மகள் போனை நீட்டுகிறாள். திரையில் மஞ்சளும் சிவப்புமாக ஜிகினா ஒட்டிய பஸ் ஒன்று மலைப்பாதையில் வளைந்து போகிறது. கூரையில் மூட்டை, கூடை, ஒரு சைக்கிள்.

"இது எந்தூரு பாப்பா?"

"குவாத்தமாலாப்பா. மத்திய அமெரிக்கா. ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் ரூபா இருந்தா போதுமாம், சுத்திட்டு வந்துடலாமாம்."

"அங்க போய்ச் சேர எவ்ளோ?"

கேள்வி சரியான இடத்தில் விழுகிறது. மகள் போனைத் திருப்பி வைத்துக்கொள்கிறாள்.

இந்த வீடு கற்பனைதான். ஆனால், பேச்சு இன்று எத்தனையோ வீடுகளில் நடப்பது. முதுகில் ஒரு பை, கையில் ஒரு போன், குறைந்த காசில் உலகம் என்று யூடியூப் காட்டிய ஆசை, நகரத்துப் பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. அப்பாவின் கேள்விக்குப் பதில் தேடினால் இரண்டு கணக்குகள் வரும். ஒன்று உள்ளே போன பிறகு ஆகும் செலவு. இன்னொன்று வாசலைத் தாண்ட ஆகும் செலவு.

முதல் கணக்கில் பொய் இல்லை. குவாத்தமாலாவில் ஹாஸ்டல் படுக்கை ஒன்று பத்து டாலர் சுற்றளவில் கிடைக்கும். அறை முழுக்கக் கட்டில்கள், பொதுக் குளியலறை, பூட்டு நாமே கொண்டு போக வேண்டும். வீடியோவில் வந்த பஸ்ஸுக்குப் பயணிகள் வைத்த பெயர் 'சிக்கன் பஸ்'. கோழியும் ஏறும் என்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, வயதாகி ஏலத்துக்கு வரும் மஞ்சள் பஸ்கள்தான் அவை. மெக்ஸிகோ வழியாகச் சாலையிலேயே ஓட்டி வந்து, எஞ்சினைச் சீர்செய்து, வண்ணம் பூசி, ஒரு பெயரும் எழுதி மலையில் ஓடவிடுகிறார்கள். ஓடும்போதே கூரையில் ஏறி மூட்டையை அவிழ்த்துப் போட்டு, இறங்கி வந்து காசும் வாங்கும் உதவியாளர் ஒருவர் உண்டு. நம்மூர் கிளீனரையும் கண்டக்டரையும் ஒரே ஆளாகச் சேர்த்த மாதிரி.

சாப்பாட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. அங்கே மூன்று வேளையும் தட்டில் விழுவது மக்காச்சோளம். சின்னசேலம் வட்டாரத்தில் காடு காடாக விளைந்து, பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறுகிறதே, அதே மக்காச்சோளம். அதற்குப் பூர்வீகமே மெக்ஸிகோ பக்கம். அங்குள்ள பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறப்போட்டு, தோல் கழற்றி, அரைத்து, கையால் தட்டி ரொட்டி சுடுகிறார்கள். சுண்ணாம்பில் ஊறினால்தான் அதிலுள்ள நயாசின் சத்து உடம்பில் சேரும். அந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டுபோன ஐரோப்பாவின் ஏழைகள், வேறு உணவில்லாமல் அதையே தின்று பெலக்ரா என்ற நோயில் விழுந்தார்கள். மரவள்ளிக் கிழங்கும் மிளகாயும்கூட அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான். இவை எல்லாம் விசா இல்லாமல் வந்து சேர்ந்தன.

மனிதர்களுக்கு விசா வேண்டும். இங்கேதான் இரண்டாவது கணக்கு.

வீடியோ போடும் ஐரோப்பியப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், நிகராகுவா நான்கும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்திருப்பதால், 90 நாளைக்கு நாடு விட்டு நாடு போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை அப்படியே கிடைக்காது. கையில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் கோஸ்டாரிகா, பனாமா போன்ற நாடுகளில் தனி விசா வேண்டியதில்லை. ஆனால், அந்த அமெரிக்க சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பக் கட்டணமே 185 டாலர். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். கிடைக்காவிட்டால் திரும்பி வராத பணம். விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்தத் தூதரகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பனாமா வழியாகத் திரும்புகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இடமுண்டு. சென்னை கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசி போடுகிறார்கள்.

எல் சால்வடார் இன்னும் ஒருபடி மேலே போனது. 2023 அக்டோபரில், தன் விமான நிலையத்தில் கால் வைக்கும் ஆப்பிரிக்க நாட்டவருக்கும் இந்தியருக்கும் 1,000 டாலர் கட்டணம் வைத்தது. வரியோடு 1,130 டாலர். ஊரைப் பார்க்காமல் விமானம் மாறிப் போகிறவருக்கும் அதே கட்டணம். ஹாஸ்டல் படுக்கையில் நூறு நாள் படுத்திருக்கும் பணம், ஒரு வாசலில் போய்விடும்.

ஏன் இந்தக் கெடுபிடி? அதே ஆண்டு டிசம்பரில் நடந்ததைப் பார்த்தால் புரியும். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவிலிருந்து நிகராகுவாவுக்குக் கிளம்பிய வாடகை விமானம் ஒன்று, எரிபொருள் போட பிரான்ஸின் வாட்ரி விமான நிலையத்தில் இறங்கியது. உள்ளே 303 பேர், பெரும்பாலோர் இந்தியர். ஆட்கடத்தல் சந்தேகத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் விமானத்தை நாள் கணக்கில் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 276 பேர் மும்பைக்குத் திரும்பினார்கள். நிகராகுவாவில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாக, காடு வழியாக அமெரிக்க எல்லைக்குப் போவது பலர் பிடித்த வழி. 'டங்கி ரூட்' என்று இந்தி சினிமா வரைக்கும் வந்துவிட்ட பெயர். நிலத்தை விற்று ஏஜென்ட்டுக்குக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. 2025 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ விமானம் 104 இந்தியரை அமிர்தசரஸில் இறக்கியபோது, அந்தப் பாதையின் மறுமுனையை நாடே பார்த்தது.

ஆக, மத்திய அமெரிக்காவில் முதுகுப்பையோடு இறங்கும் வெள்ளைக்காரப் பையன் டூரிஸ்ட். அதே பையோடு இறங்கும் நம்மூர்ப் பிள்ளையை 'எங்கே ஓடப் பார்க்கிறாய்?' என்று கேட்கும் கண்கள் பார்க்கும். திரும்பும் டிக்கெட், ஹாஸ்டல் முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், காப்பீடு எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்துப் போக வேண்டியிருப்பது இதனால்தான். அதைச் செய்து போய் வருகிற இந்தியர்களும் இருக்கிறார்கள். ஆனால், ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் என்ற வாக்கியத்தை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது.

அப்பாவுக்கு இதெல்லாம் சொன்னால் "அப்ப வேணாம் பாப்பா" என்பார். மகள் புத்திசாலி என்றால், "சரிப்பா, மொதல்ல வெள்ளிமலைக்குப் போய்ட்டு வர்றேன்" என்பாள்.

கல்வராயன் மலை நைனார்பாளையத்துக்காரர்களுக்குத் தெரிந்த மலைதான். தெரிந்த மலை என்பதாலேயே பலர் போனதில்லை. சின்னசேலம் வந்து, கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். கரியாலூர், பிறகு வெள்ளிமலை. சாதாரணப் பேருந்துக்கு 2018இல் வைத்த கட்டணம் கிலோமீட்டருக்கு 58 காசு. மலைப்பாதைக்குக் கொஞ்சம் கூடும். மகளிருக்குக் கட்டணமில்லாத சாதாரண நகரப் பேருந்து கீழே ஓடும் தடங்களில் கிடைத்தால் இன்னும் மிச்சம். 2021 மே மாதத்தில் வந்த இந்தத் திட்டத்தால் முதன்முதலாகத் தனியாக ஊர் தாண்டிய பெண்கள் எத்தனை பேர் என்று யாராவது எழுதலாம்.

பட்ஜெட் பயணத்தில் கற்க வேண்டியதெல்லாம் இந்த ஒரு நாளில் வந்துவிடும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்பது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்ப்பது. சிக்னல் போகும் முன் வீட்டுக்குச் சொல்லிவிடுவது. ஏடிஎம்மை நம்பாமல் பத்து, இருபது ரூபாய் நோட்டு வைத்திருப்பது. தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கீழே கொண்டுவருவது. பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தால், அதில் எது வேண்டாத சாமான் என்று தோளே சொல்லிவிடும்.

பெரியார் அருவியைப் பார்க்கலாம். மேகம் அருவிக்கு நடக்க வேண்டும். உள்ளூர் ஆள் துணையும் வனத்துறை அனுமதியும் இல்லாமல் காட்டுக்குள் இறங்குவது வீரம் அல்ல. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இளைஞர்கள் இருபது பேருக்கு மேல் இறந்ததை அதற்குள் மறந்திருக்க முடியாது. பஸ் தவறிவிட்டது என்று பிக்கப் வேனின் பின்னால் தொற்றிக்கொள்வதும் அதே ரகம். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையில் கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்து 11 பேர் போனார்கள். அவர்கள் சாகசத்துக்கு ஏறியவர்கள் அல்ல. மலைக்கிராமங்களில் பஸ் இல்லாத இடத்துக்கு வேன்தான் பஸ்.

மலையில் இன்னொன்றும் கண்ணில் படும். கீழே இறங்கும் பஸ்ஸில் பையோடு உட்கார்ந்திருக்கும் ஆண்கள், குடும்பத்தோடு பெண்கள். கேரளாவுக்கோ, திருப்பூருக்கோ, ஏதோ தோட்ட வேலைக்கோ போகிறவர்கள். சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய் என்று மலை கொடுப்பது வருஷம் முழுக்கப் போதாது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் வழிவழிக் கதை. ஜாகிர்தார்கள் கையிலிருந்த இந்த மலை முழுமையாக அரசு நிர்வாகத்துக்கு வந்ததே 1976இல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, இந்த மலை மக்களின் வாழ்வு பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பஸ், பள்ளி, ஆஸ்பத்திரி என்று பேச்சு வந்தது.

இவர்களில் ஒருவர் பையோடு ஆந்திரா பக்கம் பஸ் ஏறினால், செம்மரம் வெட்டவா என்ற கேள்விதான் முதலில் வரும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடியினரும் அதில் உண்டு. சித்தேரி, கல்வராயனுக்குப் பக்கத்து மலை. எல் சால்வடார் அதிகாரி நம் பிள்ளையைப் பார்க்கும் பார்வை ரொம்பத் தூரத்துச் சங்கதி இல்லை.

அதனால் மலைக்குப் போகிறவள் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டுவதற்கு முன் பேசட்டும். டீயும் டிபனும் மலைக்கடையிலேயே சாப்பிடட்டும். தேனோ புளியோ கடுக்காயோ வாங்கினால் பேரம் பேசாமல் வாங்கட்டும். குறைந்த செலவில் பயணம் என்பது நம் பர்ஸைப் பார்த்துச் சொல்வது. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் ஒரு மலைக்கிழவியின் கூடையாக இருக்க வேண்டியதில்லை.

இரவு எட்டரைக்கு மகள் வீடு திரும்புகிறாள். பஸ், டீ, சாப்பாடு, ஒரு பொட்டலம் கடுக்காய், எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள். நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டுகிறாள். பக்கத்துப் பக்கத்தில் இன்னொரு கணக்கு தொடங்கியிருக்கிறாள்: பாஸ்போர்ட், விசா, விமானம். எதிரே தொகை இன்னும் எழுதவில்லை.

அப்பா அதைப் படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்கிறார்.

"அந்தூர்ல நெஜமாவே மக்காச்சோளத்தத்தான் திங்கறாங்களா?"

"ஆமாம்ப்பா. சுண்ணாம்புத் தண்ணில ஊறப்போட்டு அரைச்சு."

"கொல்லையில ரெண்டு மூட்ட கெடக்குது. நாளைக்கு உங்கம்மாகிட்டச் சொல்லிப் பாரு."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வருகிறது: "என் வெத்தலப்பொட்டி சுண்ணாம்ப யாரும் தொடாதீங்க!"