‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க!’



வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் பெண்கள் பெருகியிருப்பது மகிழ்ச்சிதான். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களில் பலர், வாங்க வருபவரை முதல் நாளே சந்தேகப்பட வைக்கிறார்கள். விலை கேட்டால் ‘இன்பாக்ஸ் வாங்க’ என்று பதில். முகவரி கிடையாது. ‘ரிட்டர்ன் இல்லை’ என்பது மட்டும் கொட்டை எழுத்தில். பார்சலைப் பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்திருந்தால்தான் புகாரையே கேட்பார்களாம். ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் போன். பணமும் கொடுத்து, சாட்சியும் நாமே தயாரிக்க வேண்டும்!

2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் வாடிக்கையாளர் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். சிறு கடைக்கு இது பாரமில்லை.

பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், விலை, கைத்தறியா விசைத்தறியா, சாயம் போகுமா என்ற நாலு வரி, திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்ற விவரம் இருந்தாலே நான் தைரியமாக ஆர்டர் போடுவேன். சாயம் போகும் என்று முன்பே சொன்னவரிடம் மறுபடியும் வாங்கியிருக்கிறேன். ஆயிரம் ‘சூப்பர் சிஸ்’ பின்னூட்டங்களை நம்பி அல்ல.

வாசகி, ஈரோடு