இன்புளுவென்சாவும் கிரகமும்

"போன வருஷம் ஊசி போட்டுக்கொண்டேன், இந்த வருஷமும் ஜுரம் வந்துவிட்டதே! உங்கள் விஞ்ஞானத்தின் யோக்கியதை இவ்வளவுதானா?" என்று சில ஆஸ்திகத் தோழர்கள் நம்மைக் கேட்கின்றார்கள். கேட்கட்டும். ஆனால் பதிலையும் கேட்டுவிட்டுப் போக வேண்டாமா?

முதலாவது, இன்புளுவென்சா என்கின்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இத்தாலிய பாஷை வார்த்தை. "ஆதிக்கம்" என்று அர்த்தம். வியாதி நட்சத்திரங்களின் ஆதிக்கத்தால் வருகிறதென்று அந்நாட்டார் ஒரு காலத்தில் நம்பி வைத்த பெயர் அது. பஞ்சாங்கப் பைத்தியம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல! ஆனால் அவர்கள் பெயரை வைத்துக்கொண்டு நட்சத்திரத்தை விட்டுவிட்டார்கள். நாமோ இன்னும் ஜுரம் கண்டவனுடைய ஜாதகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கின்றோம்.

வியாதிக்குக் காரணம் ஒரு வைரசு. புரூப் திருத்துவோர் இல்லாத அச்சாபீஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நோட்டீஸை லட்சந்தடவை புதிதாய் எழுத்துக் கோத்தால் எத்தனை பிழை வரும்? வைரசு தன்னைப் பெருக்கிக்கொள்வதும் அப்படித்தான். பெரும்பாலான பிழைகளால் அதற்கே நஷ்டம். சில பிழைகளோ அதன் வெளித்தோற்றத்தை மாற்றிவிடுகின்றன. உடம்பு போன வருஷத்து ஆளையே தேடிக்கொண்டிருக்க, இவன் வேஷம் மாறி உள்ளே போய்விடுகிறான்.

இதைவிடப் பொல்லாதது இன்னொன்று. இன்புளுவென்சா வைரசின் மரபுச்செய்தி எட்டுத் துண்டாக இருக்கிறது. எட்டுப் பாரம் கொண்ட புத்தகம் என்று வையுங்கள். பறவையின் வைரசும் மனிதனுடைய வைரசும் ஒரே உயிரணுவில் புகுந்தால், பைண்டிங்கில் பாரங்கள் கலந்து புதிய புத்தகமே பிறக்கும். 1957, 1968-ம் வருஷத்துக் கொள்ளைகள் அப்படி வந்தவை. 2009-ல் வந்தது பன்றிகளிடமிருந்து.

இனிப் பரவுவதைப் பார்ப்போம். 1918-ல் பம்பாய்த் துறைமுகத்தில் தலைகாட்டிய இன்புளுவென்சா, ரயில் போன வழியெல்லாம் போய், இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொன்றது. கிரகம் டிக்கெட் வாங்கி ரயிலேறியா வந்தது?

ஆகவேதான் உலக சுகாதார ஸ்தாபனத்தார் பல நாட்டு மாதிரிகளையும் ஒப்பிட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை ஊசியில் சேர்க்க வேண்டிய வகைகளைச் சொல்கிறார்கள். அந்தக் கணிப்பு சில வருஷம் தவறுவதுமுண்டு. அதை அவர்களே ஒப்புக்கொண்டு திருத்துகிறார்கள். ஊசி போட்டவருக்கும் ஜுரம் வரலாம். ஆனால் அது முற்றிச் சாகும் அபாயம் குறைகிறது. கிழவர், கர்ப்பிணி, குழந்தை இவர்களுக்கு இதுவா சிறிய விஷயம்? மூச்சுத் திணறுகிறவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மந்திரிக்கக் கொண்டுபோகிறவர்கள் யோசிக்கட்டும்.

இன்னொரு சங்கதி. பி யமகட்டா என்று இன்புளுவென்சாவில் ஒரு வகை இருந்தது. 2020-ல் கொரோனாவுக்குப் பயந்து ஜனங்கள் முகத்தை மூடி விலகியிருந்தார்கள் அல்லவா? அவ்வருஷம் மார்ச்சுக்குப் பின் ஜனங்களிடையே அது பரவியதாக எங்கும் உறுதிப்படவில்லை. 2023-ல் அதை ஊசியில் சேர்ப்பதே இனி அவசியமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எந்த யாகத்தினால் அது மறைந்ததென்று ஆஸ்திகத் தோழர்கள் சொல்லுவார்களா?