மருந்தடிக்கும் கைகளைக் காப்பது யார்?

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், முதுகில் மருந்துப் பம்பைத் தூக்கிக்கொண்டு செம்பனங்காட்டுக்குள் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நெடுங்காலமாக அதில் பெண்களே அதிகம். குலை வெட்ட ஆம்பளை வேண்டும், லோரியில் ஏற்ற ஆம்பளை வேண்டும், புல்லுக்கு மருந்தடிக்கப் பொம்பளை போதும் என்பது தோட்டத்துக் கணக்கு. இப்போது அந்த வரிசையில் இந்தோனேசியத் தாய்மார்களும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நம்மவர்களோடு நிற்கிறார்கள். ஆள் மாறியிருக்கலாம். பம்பின் கனமும் மருந்தின் நாற்றமும் மாறவில்லை.

2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முழுத் தடை. பாராகுவாட் என்றால் பலருக்குப் புரியாது; கிரமக்சோன் என்றால் லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைத் தடை செய்து ஐந்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டதே, இனி அந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தடை வந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான், நம் உடம்பை நாமே ஏன் கவனிக்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

பிரிட்டனின் ஐ.சி.ஐ. கம்பெனி இந்த மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1962இல். பட்ட இடத்தில் புல் ஒரே நாளில் கருகும், மழை வந்தாலும் வேலை கெடாது, விலையும் மலிவு. தோட்ட நிர்வாகங்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இதே மருந்து ஒரு வாய் உள்ளே போனால் ஆளைக் கொன்றுவிடும். முறிமருந்து இன்றுவரை கிடையாது. நுரையீரலைச் சுருக்கித் தழும்பாக்கி, மூச்சை அடைத்துக் கொல்லும். குடித்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. தோலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருந்தால் அதன் வழியாகவும் உள்ளே இறங்கும். சுவீடன் நாடு இதை 1983இலேயே தடை செய்துவிட்டது.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு, தெனாகானித்தா அமைப்பும் பூச்சிமருந்து எதிர்ப்பு இயக்கத்தின் ஆசிய பசிபிக் பிரிவும் சேர்ந்து, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் நிலையை ஓர் ஆய்வாக வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பூச்சிமருந்து வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. தோட்டத்து ஜனங்கள் ஒரு பெருமூச்சு விட்டார்கள். ஆனால் 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. இன்னும் ஆராய வேண்டும், இதற்கு ஈடான மலிவு மருந்து இல்லை, இளஞ்செம்பனைக்கு இதுதான் ஏற்றது என்றெல்லாம் காரணங்கள் சொல்லப்பட்டன. மறு ஆண்டு, 2007 ஜூலையில், ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்று அங்கே இந்த மருந்துக்குத் தந்திருந்த அனுமதியையே ரத்து செய்தது. இங்கேயோ 2020 வரை பம்பு ஓய்வெடுக்கவில்லை.

மருந்து மலிவு என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு ஏக்கருக்கு எத்தனை வெள்ளி என்று கணக்குப் போட்டார்கள். அடிக்கிறவளின் நகமும் நுரையீரலும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை, அவ்வளவுதான்.

என் சின்னம்மா ஒருவர் பதினேழு வருஷம் மருந்தடித்தவர். தோட்டத்தின் பேர் வேண்டாம். வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகம் மஞ்சளித்து, வெடித்து, கழன்று விழும்; மறுபடி முளைக்கும். அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். “சூட்டு உடம்புடா, வெந்தயம் ஊற வச்சுக் குடிச்சா போயிரும்” என்பார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். நகம் கெடுவதும் மூக்கில் ரத்தம் வருவதும் பாராகுவாட் அடிக்கிறவர்களிடம் டாக்டர்கள் பல நாடுகளில் கண்டு எழுதி வைத்த அடையாளங்கள் என்பது, அவர் வேலையை விட்டு வெகு காலம் கழித்து எனக்குத் தெரிந்தது. அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சரி, அந்த மருந்து போயிற்று. வந்தது என்ன? பெரும்பாலும் கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும். “இது பாதுகாப்பான மருந்து, பயப்படாதீங்க” என்று சொல்லித்தான் கையில் கொடுக்கிறார்கள். பாராகுவாட்டோடு ஒப்பிட்டால் இவற்றின் கொடுமை குறைவு என்பது உண்மை. அதற்காகக் கைகழுவாமல் வெற்றிலை மடிக்கலாம் என்று அர்த்தமில்லை. கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2023இல் இன்னும் பத்தாண்டுக்கு அனுமதியை நீட்டித்தது. படித்தவர்கள் வாதாடட்டும். அவர்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை அந்தத் தண்ணீரில் நனையாமல் இருப்பதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லையே!

குளுபோசினேட்டைப் பற்றி ஒரு விஷயத்தை அவசியம் மனசில் வையுங்கள். தவறி வாய்க்குள் போனவர் முதலில் சாதாரணமாகத்தான் இருப்பார். பேசுவார், நடப்பார், கோப்பி கூடக் கேட்பார். பல மணி நேரம் கழித்து வலிப்பு வரலாம், மூச்சுத் திணறலாம். ஆகவே “ஆள் நல்லாத்தானே இருக்காரு” என்று லயத்தில் படுக்கப் போடாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மருந்து போத்தலின் சீட்டையோ, அதன் படத்தையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரியாமல் டாக்டர் தடுமாறும் நேரம் நோயாளியின் நேரம். உப்புத் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது.

இனி அன்றாடப் பழக்கத்துக்கு வருவோம். தோட்டத்தில் ஆபத்து பெரிய விபத்தாக வருவதை விடச் சின்னப் பழக்கமாக வருவதுதான் அதிகம்.

அடிக்கும்போதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். கலக்கும்போதுதான் அதைவிட ஆபத்து. தண்ணீர் சேர்க்காத மருந்து கெட்டியாக இருக்கும். அதில் நாலு சொட்டு கையில் படுவது, கலந்த மருந்து அதைப்போலப் பல மடங்கு படுவதற்குச் சமம். எனவே கையுறையும் கண் கண்ணாடியும் முதலில் வேண்டியது கலக்குகிறவருக்கு. கையால் கலக்குவது, மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பது எல்லாம் இன்றோடு போகட்டும்.

அடுத்தது வாய். பம்பின் முனை அடைத்துக்கொண்டால் என்ன செய்கிறோம்? கழற்றி, வாயில் வைத்து ஊதுகிறோம்! நூறு பேரைக் கேட்டால் நூறு பேரும் ‘நான் இல்லை’ என்பார்கள். காட்டுக்குள் போய்ப் பார்த்தால் கதை தெரியும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைப் பையில் போட்டு வைத்தால் போதும், தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அடைப்பு விலகும். மெல்லிய கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மருந்து கொட்டும், அதுவும் வேண்டாம்.

பம்பு முதுகில் ஒழுகுகிறதா என்று பெரட்டு முடிந்ததும் வெறும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒழுகும் பம்பைச் சுமப்பவர் நாள் முழுதும் மருந்தில் ஊறிய சட்டையைப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். நம் பெண்கள் முதுகில் ஒரு துண்டை மடித்து வைத்துச் சமாளிக்கிறார்கள். அந்தத் துண்டு மருந்தைக் குடித்து, தோலோடு ஒட்டவைத்துக் கொடுக்கிறது. ஓட்டை விழுந்த கையுறையும் அப்படித்தான். உள்ளே போன மருந்து வெளியே வர வழியில்லாமல் வியர்வையோடு சேர்ந்து வேகும். கிழிந்ததைத் திருப்பிக் கொடுத்துப் புதுசு கேளுங்கள்.

காற்று முதுகுப் பக்கமிருந்து வருமாறு நடக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வரிசை மாறித் திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே வந்துவிடுகிறதே! அப்போது ஒருவர் அடித்த மருந்து இன்னொருவர் முகத்தில். இதை மண்டோர் பார்த்து வரிசையைப் பக்கவாட்டில் மாற்றி விடலாம். முகத்தில் கட்டும் துணி ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்பது மருந்தை மோந்துகொண்டு நிற்பதுதான்.

வெயில் ஏறினால் முகத்துணி, கையுறை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். யாரைக் குறை சொல்ல? அந்தச் சூட்டில் கம்பெனி மேலாளர் நின்றாலும் கழற்றத்தான் செய்வார். ஆகவே விடிந்ததும் மருந்து வேலையை முடித்துவிட்டு, வெயிலில் வேறு வேலைக்குப் போவதுதான் புத்தி. குடிக்கத் தண்ணீர் தனிப் போத்தலில், பம்புக்கு எட்ட, மூடிபோட்டு இருக்கட்டும். வெற்றிலைப் பையும் ரொட்டிப் பொட்டலமும் கலக்கும் இடத்தில் இருக்கவே கூடாது. சவுக்காரமும் கைகழுவத் தண்ணீரும் இல்லாமல் மருந்து வேலைக்கு ஆள் அனுப்புவது நிர்வாகத்தின் தப்பு. வாயைத் திறந்து கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். எந்தத் தாய்க்குத் தள்ளிவிட மனசு வரும்? ஆனால் அந்தச் சட்டையில் அன்றைய மருந்தெல்லாம் இருக்கிறது. தோட்டத்திலேயே குளித்து மாற்றிக்கொள்ள இடம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் லயத்தின் பின்பக்கம் பைப்படியில் முதலில் குளித்துவிட்டு அப்புறம் பிள்ளையைத் தூக்குங்கள். மருந்துச் சட்டையைப் பிள்ளைகளின் பள்ளி உடுப்போடு சேர்த்து ஊறப்போடாமல் தனி வாளியில் துவையுங்கள்.

பால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மருந்தடிக்கிறவர்களுக்குப் பால் கொடுக்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. பால் குடித்தால் விஷம் முறியும் என்று நம் ஜனங்கள் நம்பினார்கள். இளநீரையும் அப்படியே நம்பினார்கள். பால் சத்துள்ளது, கொடுத்தால் குடியுங்கள். ஆனால் தோல் வழியாகப் போன மருந்தை அது வெளியேற்றாது. ஒரு டின் பாலைக் கையில் கொடுத்துவிட்டுக் கையுறை வாங்கும் செலவை மிச்சம் பிடித்த தந்திரம் அது என்று நினைக்க எனக்குத் தயக்கமில்லை.

‘இதெல்லாம் கேட்டால் வேலைக்கே வராதே என்பாங்க’ என்ற பயம் எனக்குத் தெரியாததல்ல. ஒரு தோட்டத்தில் ஒரு அக்கா, “அண்ணே, இந்தக் கையுறை கிழிஞ்சிருக்கு, வேற குடுங்க” என்றதற்கு, “போன மாசம்தானே குடுத்தேன், அடுத்த தடவை சம்பளத்துல பிடிச்சிருவேன்” என்றாராம் மண்டோர். அந்த அண்ணனும் மேலே இருக்கிறவருக்குப் பயந்தவர்தான். ஆனால் சட்டம் அவர் பக்கம் இல்லை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புக்காகத் தரவேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் ஒரு காசு வசூலிக்கக் கூடாது. ரசாயன மருந்து பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகள், ஆபத்தை முன்கூட்டி மதிப்பிட வேண்டும், பயிற்சி தர வேண்டும் என்கின்றன. உடம்பு இந்த வேலைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னால் அவரை அதிலிருந்து மாற்ற வேண்டும். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் இதில் சேர்ந்தவர்கள்தான்.

2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தம் ஒன்று நமக்கு முக்கியம். உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்து, அதைச் சொல்லியும் முதலாளி சரிசெய்யவில்லையென்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகி நிற்கலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. தனி ஆளாகச் சொல்லாமல், நாலு பேர் சேர்ந்து, முடிந்தால் சங்கத்தின் தோட்டக் கமிட்டி வழியாக, தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

மருந்து கண்ணில் தெறித்தாலோ கை வெந்தாலோ அது வேலையிட விபத்துதான். பதினைந்து நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். ‘வேலையில் பட்டது’ என்று டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு இருந்தால், தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கணக்கில் சொக்சோ பணம் தரும். 2019 ஜனவரியிலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். ‘வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு’ என்று யாராவது கெஞ்சினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, காலி டின். மருந்து டின்னைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிற, அரிசி போட்டு வைக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்து டின்தான். ஓட்டை போட்டு ஸ்டோரிலேயே ஒப்படைக்க வேண்டும். மிச்ச மருந்தை ஆரஞ்சுத் தண்ணீர் போத்தலில் ஊற்றி அடுப்படிக்குக் கொண்டு வருவதை அடியோடு விடுங்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் போத்தலின் படம்தான் தெரியும். மனசு நொந்திருக்கும் மனிதருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இருக்கவும் கூடாது. நம் லயங்கள் எத்தனையோ பேரை ஒரு நிமிஷக் கோபத்தில் இழந்திருக்கின்றன. அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் கூட இருங்கள், பேச விடுங்கள். 15555 என்ற எண்ணில் மனநல உதவிக்கு அழைக்கலாம். விஷம் பற்றிக் கேட்க, பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. ஆள் மயங்கிவிட்டால் 999. மூன்றையும் அடுப்படிச் சுவரில் கரித்துண்டாலாவது எழுதி வையுங்கள், பிள்ளைகளுக்கும் எட்டுகிற உயரத்தில்.