முன்மேசையில் இருக்கிறதும் தொழில்தான்

"ஏசிக்குள்ள இருந்து போன் எடுக்கிற வேலைதானே?" கண்ணாடிக் கடையில் வேலை எண்டு சொன்னால் எங்களுக்குக் கிடைக்கிற முதல் பதில் இதுதான். பல கிளைகள் வைத்திருக்கிற பெரிய நிறுவனங்களை விடுவோம். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு மாதிரி நகரங்களில் ஒரு முதலாளி, ஒரு பரிசோதனை அறை, ஒன்றிரண்டு ஊழியர் என்று நடக்கிற சின்னக் கடைகளின் முன்மேசை பற்றித்தான் நாங்கள் பேசுகிறோம். அங்கே இருக்கிறவர்கள் பெரும்பாலும் ஏ.எல். முடித்துவிட்டு வந்த பெண்பிள்ளைகள்.

அந்த மேசையில் நடப்பது என்ன? பரிசோதனை முடிந்து வருகிற துண்டில் உள்ள இலக்கங்களை ஓடர் புத்தகத்தில் எழுதி, கொழும்பு லாப்புக்குச் சொல்ல வேண்டும். -2.00 ஐ +2.00 எண்டு எழுதினால் வித்தியாசம் 4 டயொப்டர். அக்சிஸ் 80 எண்டு சொன்னது போனில் 180 எண்டு கேட்டால், சிலிண்டர் பவர் கிட்டத்தட்டச் செங்குத்தாகத் திரும்பிவிடும். இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தைப் பிழையாக அளந்தால், கூடின பவர் போடுகிறவருக்குத் தலையிடிதான். இவ்வளவும் கடைச் சத்தத்துக்கு நடுவில், பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் நடக்கிறது.

இதைவிடப் பெரிய பொறுப்பு ரெலிபோனில் இருக்கிறது. "பிள்ளை, காலமையில இருந்து ஒரு கண்ணில திரை விழுந்த மாதிரிக் கிடக்கு, சனிக்கிழமை வரட்டே?" எண்டு ஒரு ஐயா கேட்கிறார் என்று வையுங்கள். அவருக்குச் சனிக்கிழமை நேரம் குறித்துக் கொடுக்கக்கூடாது. அது விழித்திரை கழன்றதாக இருக்கலாம். "இண்டைக்கே ஆஸ்பத்திரி கண் பிரிவுக்குப் போங்கோ ஐயா" எண்டு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று மின்னல் வெட்டுகிற மாதிரித் தெரிந்தாலும், கண் நோவோடு பார்வை மங்கினாலும் இதே பதில்தான். சீனி வருத்தம் கூடிக் குறையும்போது பவரும் மாறும் என்பதால், சீனி கட்டுப்பாட்டுக்கு வரமுதல் எடுக்கிற கண்ணாடி பிறகு பொருந்தாமல் போகலாம். இதெல்லாம் எத்தனை கடைகளில் புதிதாகச் சேருகிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது? எங்களுக்குத் தெரிந்தவரை, பிரேமைத் துடைக்கவும் பில் போடவும் பழக்குவதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது.

நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்ததை ஒத்துக்கொள்ளாத அம்மாவோடும், "பொம்பிளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் கலியாணம் பேசேலாது" எண்டு நிற்கிற தகப்பனோடும் பக்குவமாகக் கதைப்பதும் இந்த மேசையின் வேலைதான். அதற்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை.

சம்பளப் பட்டியலே இல்லாத இடங்களும் உண்டு. "நீங்கள் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி, கடிதம் எல்லாம் என்னத்துக்கு?" இந்த வசனத்தைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். வீட்டுப் பிள்ளை எண்டு கூப்பிடுவது அன்பாகவே இருக்கலாம். ஆனால் அந்த அன்பால் ஈ.பி.எப். கட்டப்படுவதில்லை. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, சேரும்போதே வேலை விபரங்களை எழுத்தில் தரவேண்டும். வேலை நேரம் வாரத்துக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேலே செய்தால் ஒன்றரை மடங்கு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நாங்கள் 8 வீதமும் கட்டவேண்டும். நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுக்க முதலாளியுடையது, எங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஒரேயொரு ஊழியர் இருக்கிற கடைக்கும் சேமலாப நிதி உண்டு.

சின்னக் கடைகளுக்கும் கஷ்டம் இருக்கிறது. 2022 இல் டொலர் ஏறியபோது இறக்குமதி லென்ஸ், பிரேம் விலைகள் எங்கே போனதெண்டு நாங்களும் பார்த்தோம்; கோபப்பட்ட வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னதும் நாங்கள்தான். ஆனாலும் 30,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி கட்டவேண்டிய இரண்டு நிதியும் சேர்ந்து மாதம் 4,500 ரூபாய். ஒரு பிழையான ஓடருக்குத் திரும்ப லென்ஸ் வெட்டுகிற செலவையும், திரும்பி வராமல் போகிற வாடிக்கையாளரையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஆபத்தான அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி ரெலிபோனுக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கோ, இலக்கங்களை லாப்காரரை ஒருக்கால் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்க்கப் பழக்குவதற்கோ காசே தேவையில்லை.

இந்த வேலைக்குப் போக இருக்கிற தங்கச்சிமாரே, தம்பிமாரே, சேரமுதல் மூன்றைக் கேளுங்கோ: கடிதம் எப்ப தருவீங்கள், ஈ.பி.எப். எப்ப தொடங்கும், வேலை எத்தனை மணிக்கு முடியும்? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பதில் இல்லாவிட்டால் மாவட்டத் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்கள் தனியே போய்க் கேட்காமல், பக்கத்துக் கடைகளில் இருக்கிற ஆக்களோடும் முதலில் கதையுங்கோ. அவர்களுக்கும் கடிதம் இருக்காது.